சிவப்பு மையில் எழுதின சீட்டு

நாகஜோதியின் கண்ணுக்கு ஓட்டை தப்பாது. வீரபாண்டியில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை ஒரு உதறு உதறிப் போடுவாள். உள்ளங்கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. ஊசிமுனை அளவு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பீஸ், எட்டு வருஷமாக. அப்பேர்ப்பட்டவள் தான் பெற்ற பிள்ளை விஷயத்தில் என்ன செய்தாள் என்பதுதான் இந்தக் கதை. கேட்டால் அவள்மேல் ஆத்திரம் வரும், வரட்டும். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு ஆத்திரப்படுங்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. ராஜபாண்டியைக் கட்டிக்கொண்ட மறு மாசமே இரண்டு பேரும் திருப்பூருக்கு ரயிலேறிவிட்டார்கள். அவன் ஓவர்லாக் டெய்லர், இவள் செக்கிங். எட்டு வீடு வரிசையாக இருக்கிற லைன் வீட்டில் ஒரு வீடு. நாலைந்து வருஷம் கழித்து, 2001-இல், வேல்விழி பிறந்தாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

பக்கத்து வீட்டிலேயே ராஜபாண்டியின் அக்கா வெள்ளையம்மாள் குடியிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் முதல் வார்த்தை அவளுடையதுதான். "கிரகணத்தன்னைக்கு ட்ரிம்மரப் பிடிக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?" ட்ரிம்மர் என்றால் நூல் வெட்டுகிற குட்டிக் கத்திரி. செக்கிங்கில் இருப்பவள் அதைப் பிடிக்காமல் என்ன பிடிப்பாள்? ஆனாலும் நாகஜோதி தன் கையால்தான் பிள்ளை உதட்டைக் கிழித்தோம் என்று நம்பிவிட்டாள்.

உதடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சத்தம். பிறந்த நாளிலிருந்தே பிள்ளை மூச்சு விட்டால் கர் கர் என்று இரையும். அழுதால் சேவல் கூவ முடியாமல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தூங்கும்போது தலையைப் பின்னால் வளைத்து, தாடை மேலே பார்க்கத்தான் தூங்குவாள். தலையை நேராக்கி வைத்தால் சத்தம் கூடிவிடும். சோறு உருண்டையாகப் போனால் தொண்டையில் சிக்கும். சில நாள் உதடெல்லாம் நீலம் பாரித்து, கண் செருகி, இதோ போய்விட்டாள் என்று பெற்றவள் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஒரு இருமல் இருமித் திரும்ப வருவாள்.

இதற்குத் திருப்பூரில் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். பஞ்சு. கம்பெனியில் பறக்கிற பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்விட்டது என்பார்கள். யாருக்கு இருமினாலும் பஞ்சு, யாருக்கு இரைத்தாலும் பஞ்சு. டாக்டர் சொல்வார், மருந்துக் கடைக்காரர் சொல்வார், டீ குடிக்க வந்தவன்கூடச் சொல்வான். நாகஜோதி கைப்பிள்ளையை அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து டேபிளுக்குக் கீழே போட்டுக்கொண்டு வேலை பார்த்தவள். வீட்டில் வைத்துவிட்டு வர ஆள் இல்லை. அதனால் அந்தப் பழியும் அவள் தலையில்தான் விடிந்தது. "ஒதட்டையும் கெடுத்தா, நெஞ்சையும் கெடுத்தா" என்று வெள்ளையம்மாள் லைன் வீடு கேட்கச் சொல்வாள். ராஜபாண்டி கேட்டுக்கொண்டு சோறு தின்பான்.

2004 தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் முதலாளிகள் கொஞ்சப் பேர் சேர்ந்து உதட்டுப் பிளவுக்கு இலவச ஆபரேஷன் முகாம் வைத்தார்கள். நாற்பது குழந்தைகளுக்குப் புன்னகை என்று பேனர். நாகஜோதி விடியற்காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

உதட்டைப் பார்த்த டாக்டர் அரை நிமிஷத்தில் தலையாட்டிவிட்டார். அடுத்து மயக்க டாக்டர். சுப்புலட்சுமி என்று பேர், குண்டடத்துக்காரர். சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றாலும் போன் வரும், மருந்துப் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு போவார். வந்தவர்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தார்கள். இந்த அம்மா உதட்டைப் பார்க்கவேயில்லை. நாகஜோதி மடியில் வேல்விழி தூங்கிக்கொண்டிருந்தாள், தலை கைக்கு வெளியே பின்னால் தொங்கிக்கொண்டு. டாக்டர் பார்க்கிறாரே என்று நாகஜோதி தலையைத் தூக்கி நேராக வைத்தாள். கர் என்று சத்தம் எழுந்தது.

"விடுங்க கண்ணு. அவ எப்படித் தூங்கறாளோ அப்படியே விடுங்க" என்றார் சுப்புலட்சுமி. தலை பின்னால் போனது, சத்தம் தணிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையில் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். நிற்கட்டும் என்றார்.

பிறகு கேட்டார். இந்தச் சத்தம் பிறந்ததிலிருந்தா, இடையில் வந்ததா? பிறந்ததிலிருந்து. அழுதால் கூடுமா? கூடும். தலையைச் சாய்த்துத்தான் தூங்குவாளா? ஆமாம். சோறு சிக்குமா? சிக்கும். நீலம் பாரித்ததுண்டா? நாலைந்து தடவை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் பேனா நின்று நின்று போனது. நாகஜோதி அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பஞ்சு இல்லீங்க" என்றார் சுப்புலட்சுமி. "பஞ்சா இருந்தா இத்தனை மருந்துக்குக் கொறஞ்சிருக்கோணும். மூச்சுக் குழாயைச் சுத்தி ரத்தக்குழாய் ஒண்ணு வளையம் போட்டுப் பிடிச்சிருக்குதுன்னு நெனைக்கறேன். வயித்துல இருக்கறப்பவே அப்படி அமைஞ்சு போகும். ரொம்ப அபூர்வமா வர்றது, நீங்க பண்ணுன தப்பு ஒண்ணுமே இல்லீங்க. முழிச்சிருக்கற வரைக்கும் அவளே தலையைச் சாச்சுச் சமாளிச்சுக்குவா. மயக்கம் குடுத்துட்டா சமாளிக்கறதுக்கு அவ இருக்கமாட்டா. ஒதடு எங்கீங்க போகுது? மொதல்ல கோயமுத்தூர்ல ஸ்கேன் பாருங்க."

சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதினார். ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே தமிழில்: 'மயக்க மருந்து கொடுக்கும் முன் இதைப் பார்க்கவும்.' "எந்த டாக்டர்கிட்டப் போனாலும், ஒரு பல்லுப் புடுங்கப் போனாலும், இதைத்தான் மொதல்ல காட்டோணும். மறந்துபோடாதீங்க."

அந்த அம்மா அன்றைக்கு நாகஜோதியின் மூன்று வருஷப் பழியைத் துடைத்துவிட்டார். இவளுக்கு அது காதிலேயே விழவில்லை. விழுந்தது ஒன்றுதான். பெயர்ப் பட்டியலில் வேல்விழிமேல் ஒரு கோடு கிழித்தார்களே, அது. கம்பெனியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின பீஸுக்கு என்ன கதியோ அதுதான் தன் பிள்ளைக்கும் என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள்.

கோயமுத்தூருக்குப் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை போனாள். முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை ஏழு வாரம் கழித்து ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் ஷிப்மென்ட் வந்து நின்றது. "இன்னிக்கு லீவு போட்டா நாளைக்கு வந்துராதீங்கக்கா" என்றான் சூப்பர்வைசர் கன்னையன். "ஓடியாடி வெளையாடிக்கிட்டுத்தான இருக்கா, அப்புறம் பாக்கலாம்" என்றான் ராஜபாண்டி. நம் ஊரில் அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? சீட்டு மடிப்பு மடிப்பாக நாகஜோதியின் சுருக்குப் பையில் கிடந்தது.

இதற்கு நடுவில் வேல்விழிக்கு நாலு வயசாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் அந்த டீச்சரம்மா, "மத்த புள்ளைக பயப்படுதுங்க, ஆபரேசன் முடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். நாலு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சா அது? லைன் வீட்டுப் பிள்ளைகள் அவளை முயல் என்று கூப்பிட்டன. அவள் கட்டிங் வேஸ்டில் ஒரு துணித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள். அப்பன் டெய்லர், சுற்றிலும் டெய்லர்கள். ஒருநாள் படுக்கையில் கேட்டாள். "அம்மா, என்னிய எப்பத் தைப்பாங்க?"

அன்றைக்குத்தான் நாகஜோதி தீர்மானம் பண்ணினாள். இந்த வருஷம் எப்படியும் தைத்துவிடுவது.

2005 ஏப்ரலில் வேறொரு டிரஸ்ட்காரர்கள் பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முகாம் போட்டார்கள். போன வருஷத்துப் பட்டியல் இவர்களிடமும் இருக்குமோ என்று அவளுக்குப் பயம். வழி கம்பெனியில்தான் கற்றது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒதுக்கின பீஸை என்ன செய்வார்கள்? ஸ்டிக்கரை உரித்துவிட்டு, பாஸான வேறொரு பண்டலில் சொருகிவிடுவார்கள். ஓட்டை மடிப்புக்குள் போய்விடும். "சரக்கு வாங்கற பையர் ஆளு எங்கெல்லாம் பாப்பான்னு தெரிஞ்சாப் போதுமுங்கக்கா" என்பான் கன்னையன். எட்டு வருஷமாகப் பார்த்த வேலை.

வெள்ளையம்மாளுக்கு மோனிஷா என்று ஒரு மகள், வேல்விழியைவிட ஆறு மாசம் மூத்தவள். மோனிஷா பேர் இருக்கிற ரேஷன் கார்டை நாகஜோதி கேட்டாள். "எம் மக பேர்லயாவது அவளுக்கு விடியட்டும்" என்று வெள்ளையம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ராஜபாண்டிக்கும் தெரியும். முகாமில் வேல்விழி மோனிஷாவானாள். யாராவது பேர் கேட்டால் மோனிஷா என்று சொல்லப் பிள்ளைக்கும் பழக்கிக் கொடுத்திருந்தாள்.

அங்கே மயக்க டாக்டர் கந்தவேல். அன்றைக்கு அவருக்கு இருபத்திரண்டு குழந்தைகள். அவசரக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படியில்லை. சுப்புலட்சுமி அம்மா கேட்ட அதே கேள்விகளை, ஏறக்குறைய அதே வரிசையில், இவரும் கேட்டார். நாகஜோதிக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். எந்தப் பதிலுக்குப் பேனா நிற்கும் என்று தெரியும். எந்தப் பதிலுக்கு ஓடும் என்றும் தெரியும்.

பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். தோளில் போட்டு, தலை பின்னால் சாய்கிற மாதிரி தாங்கிப் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தால் சத்தம் பாதிதான் வரும்.

"தூங்கறப்பத் தலையைப் பின்னால சாய்க்குதுங்களா?"

"இல்லைங்க சார். மத்த புள்ளைக மாதிரிதான்."

"சோறு தொண்டையில சிக்குமுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க சார். நல்லாச் சாப்பிடுவா."

நீலம் பாரித்ததும் இல்லை, அழுதால் கூடுவதும் இல்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்தவர் கொஞ்சம் தயங்கினார். "லேசா எரையுதுங்களே?"

நாகஜோதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பஞ்சுங்க சார். கைப்புள்ளையில கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

நாலு வருஷம் அவளைக் கொன்ற பொய். அன்றைக்கு அவளே அதை எடுத்துக் கொடுத்தாள். கந்தவேல் திருப்பூரில் எத்தனை பஞ்சு நெஞ்சைப் பார்த்திருப்பார். தலையாட்டிவிட்டு, இரைப்புக்கு மருந்து எழுதினார். "இதுக்கு முன்னாடி வேற டாக்டர் யாராச்சும் பாத்துச் சீட்டு ஏதாச்சும் குடுத்திருக்காங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். இல்லை என்றாள். சீட்டு இடுப்பில் சுருக்குப் பைக்குள் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேல்விழியைப் பச்சைத் துணி போர்த்திக் கொண்டுபோனார்கள். துணித் துண்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, "தச்சதும் கண்ணாடி காட்டுவாங்களா?" என்று கேட்டாள். காட்டுவார்கள் என்றாள் நாகஜோதி. அதற்கென்றே ஒரு கைக்கண்ணாடி வாங்கிப் பையில் வைத்திருந்தாள். ராஜபாண்டி லீவு கிடைக்காமல் கம்பெனிக்குப் போயிருந்தான். பெஞ்சில் பக்கத்தில் வெள்ளையம்மாள்.

இருபது நிமிஷம் இருக்கும். கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். "மோனிஷா அம்மா யாருங்க?" வெள்ளையம்மாள் எழுந்துவிட்டாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"டாக்டர் கேக்கச் சொன்னாருங்க. குழாய் உள்ள போயிருச்சு, ஆனாக் காத்து எறங்கமாட்டேங்குது. இந்தச் சத்தம் பொறந்ததுல இருந்தே இருந்துதுங்களா, இடையில வந்ததுங்களா? உண்மையைச் சொல்லோணும்."

கேளுங்கள், இதுதான் இடம். மற்றதெல்லாம் கூட மன்னித்துவிடலாம். அந்த நர்ஸ் பெண் முகம் வெளுத்து நிற்கிறாள், கேட்கிறாள், கதவு திறந்தே கிடக்கிறது. நாகஜோதியின் கை இடுப்புப் பைக்குப் போனது உண்மை. ஆனால் அவளுக்கு இது கடைசிச் செக்கிங்காகத் தெரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் பிள்ளையை எழுப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஜூனில் மறுபடியும் அந்தத் துணித் துண்டு, மறுபடியும் முயல். மேஜை வரைக்கும் போன பீஸை எவன் திருப்பி எடுப்பான் என்று நினைத்தாள். பிள்ளை சாகும் என்று நினைக்கவில்லை. அந்த எண்ணமே அவளுக்கு வரவில்லை.

"இடையில வந்ததுதாங்க. பஞ்சுதான்" என்றாள்.

நர்ஸ் ஓடினாள். உள்ளே கந்தவேல் என்ன செய்வார்? பஞ்சு நெஞ்சு, மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சுக் கிளையெல்லாம் இறுகிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார். அதற்கு என்னென்ன ஊசி உண்டோ அத்தனையும் போட்டார். நல்ல டாக்டர்தான். கேட்ட பதிலை வைத்து வைத்தியம் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவரே வெளியே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணிக்குள் கம்பெனியிலிருந்து இரண்டு வேன் வந்துவிட்டது. ராஜபாண்டிதான் முதலில் அவர் சட்டையைப் பிடித்தான். இனாம்னு வந்தா எலி மாதிரி வெச்சுப் பாப்பியா என்று ஒருத்தன் அடித்தான். டாக்டரின் மூக்குக் கண்ணாடி உடைந்தது, உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. எல்லாம் கேட்டேனே, எல்லாம் கேட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாகஜோதி பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அடி நிற்கும். அவள் சொல்லவில்லை.

பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். உதட்டில் ஒரு தையல்கூட விழவில்லை. தைக்கிறவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட்டதாம். தலை தலையணையில் நேராக இருந்தது, சத்தமும் இல்லை.

போலீஸ் வந்து கூட்டத்தை விலக்கியது. ஆஸ்பத்திரி கிளார்க் மேஜை போட்டு உட்கார்ந்து, "குழந்தை பேரு மோனிஷா, அம்மா பேரு வெள்ளையம்மாள், சரிங்களா?" என்று எழுத ஆரம்பித்தார்.

அதுவரைக்கும் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்த வெள்ளையம்மாள் சட்டென்று நிறுத்தினாள். "அய்யா, எம் மகளச் சாகடிக்காதீங்க. அவ வீட்டுல வெளையாடிக்கிட்டு இருக்கா."

கிளார்க் பேனாவை நிறுத்தினார். ராஜபாண்டி நாகஜோதியின் காதருகே வந்தான். "வாயத் தெறக்காத. அக்காவ நான் சமாளிக்கிறேன். இந்தப் பேர்லயே புள்ளைய வாங்கிட்டுப் போயிருவோம். பேரு மாறுனா டாக்டர் மேல கேஸு நிக்காது."

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்தாள். நேராகக் கந்தவேலிடம் போய்ச் சீட்டை நீட்டினாள். உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்து ஒரு சில்லு வழியாக அவர் அதைப் படித்தார். சிவப்பு மை மடிப்புகளில் கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. இரண்டு தடவை படித்தார்.

"வளையம் குழாய் முனைக்குக் கீழ இருந்திருக்குதும்மா" என்றார். "இன்னும் ஒரு விரல்கடை உள்ள தள்ளியிருப்பனே. ஒரு விரல்கடைதாம்மா. இருந்திருப்பாளே."

ராஜபாண்டி சீட்டைப் பிடுங்க வந்தான். போலீஸ்காரர் தடுத்துவிட்டார். கிளார்க் எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தார். "அப்ப இந்தக் குழந்தை யாருங்க? பேரைச் சொல்லுங்க."

நாகஜோதி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கையில் இன்னும் அந்தத் துணித் துண்டு இருந்தது.

"வேல்விழி" என்றாள். "எம் மக. வயசு நாலு. சத்தம் பொறந்ததுல இருந்தே உண்டுங்க. இடையில வந்தது இல்ல. அழுதாக் கூடும். தலையப் பின்னால சாச்சுத்தான் தூங்குவா. சோறு தொண்டையில சிக்கும். அஞ்சாறு வாட்டி நீலம் பாரிச்சிருக்கு. போன வருசம் குண்டடத்து டாக்டரம்மா பாத்துச் சீட்டுக் குடுத்தாங்க."

"பேரு மட்டும் போதும்மா" என்றார் கிளார்க்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.